போது

கோத்தகிரிச் சரிவில் பூச்சாகுபடி செய்யும் அன்பர் ஒருவர், சென்ற கார்த்திகை மாதத்தில், ஆள் உயரத்தில் பாதியிருக்கும் நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றை இரவுப் பேருந்தில் ஏற்றிவிட்டு, "விடிந்ததும் போய் வாங்கிக்கொள்ளுங்கள் சார், பெட்டியை வெயிலில் மட்டும் வைக்க விட்டுவிடாதீர்கள்" என்று தொலைபேசியில் சொன்னபோது, எனக்குப் பூ வருகிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதற்குள் பூ என்று ஒன்றுகூட இல்லை. செய்தித்தாளில் சுற்றிய பத்துத் தண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கைந்து மொட்டுகள், பிஞ்சு வெண்டைக்காயைப்போல நீண்டு, விளிம்பில் வரி ஓடி, வாயை இறுக மூடிக்கொண்டிருந்தன; எல்லாவற்றுக்கும் கீழேயிருந்த மொட்டில் மாத்திரம் பச்சை சற்று வெளுத்து, உள்ளேயிருந்து மஞ்சள் கசிந்துகொண்டிருந்தது. முதிராத காயை அவசரப்பட்டுப் பறித்து அனுப்பிவிட்டாரோ என்று அவர்மேல் எனக்கு ஒரு கணம் வருத்தங்கூட வந்தது.

என் வீட்டில் எழுந்த முதல் கேள்வி "வாசனை உண்டா?" என்பது. இல்லை என்று தெரிந்ததும், மல்லிகையும் மருக்கொழுந்தும் புழங்கிய வீட்டில் அந்தத் தண்டுகளுக்குக் கிடைத்த மரியாதை பாதியாகக் குறைந்துவிட்டது. ஆசியாட்டிக் என்று வியாபாரத்தில் வழங்கும் இந்த வகைக்கு மணமில்லை. அதன் உறவுமுறையான ஓரியண்டல் வகையோ, ஒரு தண்டை வைத்தால் கூடம் முழுவதையும் நிரப்பி, சிலருக்குத் தலைவலியே வரவழைத்துவிடும் அளவுக்கு மணக்கக்கூடியது. இந்தப் புஷ்பத்துக்கு நம் பாஷையில் நிலையான பெயர் ஒன்று அமையவில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்து அகராதிகள் அல்லி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அல்லியோ குளத்தில் பிறப்பது, வேறு குலம். மேலைத் தேசத்தார் காந்தளுக்கும் லில்லி என்று ஒரு பெயரை ஒட்டவைத்திருக்கிறார்கள். அது தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் லீலிபுஷ்பம் என்று ஓரிடத்திலும், காட்டுப்புஷ்பங்கள் என்று மற்றோரிடத்திலும் எழுதினார்கள். மலைத்தோட்டக்காரர்களுக்கும் பூக்கமிஷன் மண்டிக்காரர்களுக்கும் இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. அவர்களுக்கு இது லில்லியம், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் பூவில்லாமற் போனதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, நமது மொழியிலேயே ஒரு சொல் எனக்குத் துணைநின்றது. போது என்றால் காலம். விரியுந் தறுவாயிலிருக்கும் மொட்டுக்கும் அதுவே பெயர். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியவர்கள், பறிக்கிறவன் கண்ணால் பார்ப்பதும் நேரத்தைக் கணிப்பதும் ஒரே செயல் என்பதை நன்றாக அறிந்திருந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். மதுரைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் கிழக்கு வெளுக்குமுன்பே பெண்கள் இறங்கி, அன்று மாலை விரியப்போகும் மொட்டு எது, நாளைக்கென்று விட்டுவைக்கவேண்டிய மொட்டு எது என்பதை விரல்நுனியாலேயே பிரித்தறிந்து கிள்ளுகிறார்கள். காலையில் செடியிலிருந்து வந்த மொட்டு, மத்தியானம் நாரில் ஏறி, அந்தி மயங்கும் வேளையில் கூந்தலில் விரிகிறது. பறித்த பிறகு மலர்வது என்னும் அதிசயம் நமக்குப் புதிதல்ல. ஆனால் நம்முடைய மல்லிகைக்கு அந்த அவகாசம் ஒரு பகல்; லில்லியத்துக்கோ பத்து நாள் வரையிலும் நீளும். இந்த ஒரு வித்தியாசத்தினாலேயே அதை வளர்ப்பதும் வெட்டுவதும் காப்பதும் தனி வித்தையாகிவிட்டன.

"கீழ்மொட்டு கலர் காட்டட்டும் சார், அதுவரைக்கும் கத்தி வைக்கக்கூடாது" என்று அந்த அன்பர் முன்பொருநாள் தமது பசுமைக்குடிலில் எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். நிறம் தெரியாத பச்சை மொட்டோடு வெட்டினால், ஜாடியில் எத்தனை நாள் நின்றாலும் மேல்மொட்டுகள் கண் திறவாமலே வாடிவிடும். ஒன்று விரியட்டும் என்று காத்திருந்தாலோ, விரிந்த இதழ் பெட்டியில் உராய்ந்து கன்றிப்போவதோடு, மகரந்தம் கொட்டிப் பக்கத்து மொட்டுகளையெல்லாம் காவிக்கறை ஆக்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு நாள். அந்த நாள்களில் அவர் விடியற்காலை பனி இறங்கியிருக்கும்போதே குடிலுக்குள் போய், தண்டில் நீர் நிறைந்திருக்கும் வேளையில் வெட்டி, அடியிலே ஒரு சாணளவு இலைகளை உருவிவிட்டு, தலைகள் ஒரே மட்டத்தில் நிற்கும்படி பத்துப் பத்தாகக் கட்டி, சுத்தமான தண்ணீர் வாளியில் நிறுத்தி, இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோய் வைப்பார். குளிரில் பூவின் மூச்சு மந்தமாகிறது. தன்னுடைய சர்க்கரையைத் தானே எரித்துச் செலவழிப்பது குறைகிறது. வெட்டிய தண்டு என்பது வருமானம் நின்றுபோய்க் கையிருப்பை வைத்துக்கொண்டு காலந்தள்ளும் குடும்பத்தைப் போன்றது என்பதை அந்தக் குளிரறையின் வாசலில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

வெட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டு, வளர்ப்பதைச் சொல்லாமல் விட்டால் அது நன்றிகெட்டதனமாகும். லில்லியத்தின் கிழங்கை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குப் பூண்டுதான் ஞாபகம் வந்தது. பூண்டின் சட்டையை உரித்துவிட்டுப் பற்களை மாத்திரம் நெருக்கி அடுக்கினால் எப்படியிருக்குமோ அப்படி, செதில்மேல் செதிலாக, மேல்தோல் என்று எதுவும் இல்லாமல், வெளிறிய சதைப்பற்றோடு இருந்தது. வெங்காயத்துக்கும் டியூலிப்புக்கும் இருக்கிற காகிதச் சட்டை இதற்கு இல்லாததால் காற்றுப் பட்டால் வறண்டுபோகும், கை பட்டால் கன்றிவிடும். முழுத்தூக்கம் என்பதையும் இந்தக் கிழங்கு அறியாது. அரைத்தூக்கத்தில் எப்போதும் உயிர்ப்போடிருப்பது இதன் ஸ்வபாவம். நம் மலைகளில் நடப்படும் கிழங்குகளில் பெரும்பாலானவை ஹாலந்து தேசத்திலிருந்து வருகின்றன. அங்கே குளிர் காலத்தை அனுபவித்து முடித்தால்தான் பூக்கத் தெரியும் என்னும் கட்டளை கிழங்குக்குள் எழுதப்பட்டிருப்பதால், வியாபாரிகள் அந்தக் குளிர்காலத்தை அறைக்குள்ளேயே உண்டாக்கி, சில வாரங்கள் அதை அனுபவிக்கச் செய்த பின்பு, ஈரமான பீட் மண்ணில் புதைத்து, உறைநிலைக்கும் ஒன்றிரண்டு டிகிரி கீழே நிறுத்திவைக்கிறார்கள். வருஷத்தில் எந்த மாதம் வேண்டுமானாலும் பூ வேண்டுமென்கிற உலகத்துக்காக, வசந்தகாலத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும். பெட்டி வந்து சேர்ந்ததும் நிதானமாக உறை நீங்கவிடவேண்டும். நீங்கிய கிழங்கை மறுபடி உறையவிட்டால் அது கெட்டுப்போகும்.

நடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிழங்கின் அடியிலிருந்து இறங்கும் வேர்கள் செடியை ஆரம்பத்தில் பிடித்து நிறுத்துவதற்கு உதவுகின்றன. பிற்பாடு ஆகாரத்தையும் நீரையும் பெருமளவில் ஊட்டுவது, கிழங்குக்கு மேலே, மண்ணுக்குள் மறைந்திருக்கும் தண்டிலிருந்து புறப்படும் இன்னொரு வேர்க்கூட்டம். ஆகையால் கிழங்கின் தலைக்குமேல் எட்டுப் பத்து சென்டிமீட்டர் மண் நிற்கும்படி ஆழமாகப் புதைக்கவேண்டும். முதல் மூன்று வாரமும் மண் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். சுட்டுவிட்டால் அந்தத் தண்டுவேர் சரியாக ஓடாது, தண்டு குட்டையாகும், மொட்டும் குறையும். சமவெளியிலிருக்கும் நாம் ஆசைப்பட்டுத் தொட்டியில் நட்டு ஏமாந்துபோவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. குடிலுக்குள் மண்ணோடு தென்னைநார்க் கழிவைக் கலந்து, மேலே நிழல்வலையை இழுத்துவிட்டு, ஆசியாட்டிக்கானால் இரண்டு இரண்டரை மாதம், ஓரியண்டலானால் மூன்று மூன்றரை மாதம் அவர் காத்திருப்பார். அந்த மாதங்களில் அவர் வெளியூர்க் கல்யாணங்களுக்குக்கூடப் போவதில்லை.

எல்லாவற்றையும்விட என் மனத்தில் தைத்தது கத்தி வைக்கும் இடந்தான். மொட்டுகளுக்குக் கீழே தண்டில் எத்தனை இலையை மண்ணோடு விட்டுவைக்கிறோமோ, அத்தனையும் கிழங்குக்கு அடுத்த வருஷத்து ஆகாரம். சந்தையோ நீண்ட தண்டுக்குத்தான் விலை வைக்கிறது. முக்கால் மீட்டருக்குக் குறைந்தால் முகத்தைச் சுளிக்கிறது. ஆகவே தரையோடு வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகு கிழங்கு உண்ண வழியின்றிச் சுருங்குகிறது. மறுபோகத்துக்கு மறுபடியும் கடல்கடந்து கிழங்கு வரவேண்டியிருக்கிறது. "இலையை விட்டு வெட்டினால் மண்டியில் வாங்கமாட்டான், இலையோடு வெட்டினால் கிழங்கு பிழைக்காது, நான் என்ன செய்ய?" என்று அன்பர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கிழங்கின் விலை அவருடைய செலவுக் கணக்கில் எத்தனை பெரிய பங்கு என்பதை அறிந்தவனாதலால் அந்தச் சிரிப்பில் என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

அந்தக் குடிலுக்கு மேலே, தேயிலை முடிந்து புல்வெளி தொடங்கும் மேட்டில், யாரும் நடாத, யாரும் வெட்டாத லில்லி ஒன்று மழைக்காலத்தில் பூக்கிறது. புல்லுக்கு மேலே நெஞ்சுயரம் எழுந்து, ஊதுகொம்புபோல் ஒரு சாணுக்குக் குறையாத வெண்ணிறப் பூவை, தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டு நிற்கும். நீலகிரியின் பெயரையே தாவர சாஸ்திரத்தில் சூடிக்கொண்டிருக்கும் லிலியம் நீல்கிரென்ஸே இதுதான். பழனிமலை, ஆனைமலைப் பக்கங்களிலும் உண்டு. வடபாதிப் பூமண்டலத்துக் குளிர்நாடுகளைச் சொந்தமாகக்கொண்ட இந்தக் குலத்தில், இவ்வளவு தெற்கே இறங்கிவந்து குடியேறிய இனம் வேறில்லை. சென்னை ராஜதானியின் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் என்னும் வைத்தியர், 1838 முதல் 1853 வரை ஆறு பாகங்களாக வெளியிட்ட படத்தொகுதியின் கடைசிப் பாகத்தில் இதற்குப் பெயரிட்டார். அவருக்காக ஓவியம் தீட்டியவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இரண்டு தென்னாட்டுக் கலைஞர்கள். அவர்களைப் பற்றி நாம் பேசிக்கொள்வதே இல்லை என்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்காமல் என்னால் மேலே போக முடியவில்லை. அன்பரின் குடிலுக்குள் ஹாலந்துக் கிழங்கு ராஜோபசாரத்தோடு வளர்கையில், சொந்த மலையின் லில்லி, அழைப்பில்லாத உறவினரைப்போல, மேட்டில் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது.

காட்டிலிருக்கும் பெரும்பாலான லில்லிகள் பக்கவாட்டிலோ நிலத்தை நோக்கியோதான் பார்க்கின்றன. மழைநீர் உள்ளே தேங்காமலிருக்க அது அவற்றின் தற்காப்பு. ஓரியண்டல் வகைகளும் ஒருகாலத்தில் தலைகவிழ்ந்தே பூத்தன. கலிபோர்னியாவிலிருந்த லெஸ்லி உட்ரிஃப் என்னும் கலப்பினக் கலைஞர் 1970-களில் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்கும் சிவந்த லில்லி ஒன்றை உண்டாக்கி, அந்தப் பார்வைக்குப் பொருத்தமாக ஸ்டார்கேஸர், அதாவது நட்சத்திரம் பார்ப்போன், என்று பெயரிட்டார். அது முதல் கடைக்காரர்களின் லில்லிகள் நிமிர்ந்துவிட்டன. நட்சத்திரத்தைப் பார்ப்பதற்காகவா, வாங்க வருகிறவரைப் பார்ப்பதற்காகவா என்று நான் சில சமயம் சந்தேகப்பட்டதுண்டு.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பத்துத் தண்டுகளில் ஆறைக் கூடத்தில் கண்ணாடி ஜாடியிலும், நான்கைச் சமையலறைக்கு அடுத்த நடையில் பித்தளைச் செம்பிலும் வைத்தோம். நமக்குப் பூவைத் தண்டோடு வைத்துக் காக்கும் பழக்கம் ஆதியில் இல்லை. காம்பைக் குறுகக் கிள்ளித் தொடுப்பதும், தொடுத்ததை வாழையிலையில் பொதிந்தோ ஈரத்துணியில் சுற்றியோ வைப்பதும், மறுநாள் நிர்மாலியமென்று களைவதுமே நாம் அறிந்தவை. வாடியதைக் களைவதில் நமக்கு ஒரு துக்கமும் இல்லை, ஏனென்றால் நாளைக்கு வேறு பூ வரும். தண்டோடு வந்த பூ நம்மிடம் தண்ணீர் கேட்கிறது. அந்தத் தண்ணீரை எப்படிக் கொடுப்பதென்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்பர் சொல்லிக்கொடுத்தபடி, தண்டின் அடியை இரண்டு சென்டிமீட்டர் அளவு, கூர்மையான கத்தியால், தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக அறுத்தேன். வெளியில் வைத்து அறுத்தால் நீரேறும் நுண்குழாயில் காற்றுக் குமிழ் புகுந்து வழியை அடைத்துவிடும். தண்ணீருக்குள் அமிழும் இலை அழுகும், அழுகலில் நுண்கிருமிகள் பெருகும், அவையும் அதே குழாயை அடைக்கும் என்பதால் கீழிலைகளை உருவிவிட்டேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை செம்பைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்றினேன். பூஜைப்பாத்திரத்தைத் துலக்குவதுபோல் துலக்கினாயா என்று என்னிடம் யாரேனும் கேட்டிருந்தால் ஆமென்றே பதில் சொல்லியிருப்பேன்.

ஆயினும் நான்காம் நாள் நடையிலிருந்த நான்கு தண்டுகளிலும் மொட்டுகள் வெளிறிப்போய், சில நுனி கருகி, தொட்டதும் கையோடு வந்தன. கூடத்திலிருந்த ஆறும் மஞ்சள்மஞ்சளாக விரிந்து, ஆறிதழ்க் கிண்ணங்களாய்ப் பிரகாசித்துக்கொண்டிருந்தன. ஒரே பெட்டி, ஒரே தண்ணீர், ஒரே கை. காரணம் புரியாமல் இரண்டு ஜாடிகளுக்கும் நடுவே நடந்து நடந்து பார்த்தபின், நடையின் உத்தரத்தில், செம்புக்கு நேர்மேலே, நாகர்கோவிலிலிருந்து உறவினர் கொண்டுவந்து கட்டிவிட்டுப்போன செவ்வாழைத் தார் கண்ணில் பட்டது. தார் அப்போதுதான் ஒருசீராகக் கனிந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் இதைச் சொன்னதும் அன்பர், "வாழைப்பழத்தையும் லில்லியத்தையும் ஒரே அறையில் வைத்தீர்களா சார்!" என்று, குழந்தையைக் கிணற்றடியில் விட்டுவந்தவனிடம் பேசுவதுபோலப் பேசினார்.

பழுக்கும் பழம் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத, மிகச் சொற்பமான இந்த வாயுவின் செய்கையை, 1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யூபோவ் என்னும் ரஷ்ய மாணவர், ஆய்வறையில் பட்டாணி நாற்றுகள் நேராக வளராமல் படுத்துப் படுத்து வளர்வதைக் கண்டு, விளக்கெரிக்கும் வாயுவிலிருந்த எத்திலீனே காரணமென்று கண்டறிந்து வெளிப்படுத்தினார். தாவரமே தன்னுள்ளிருந்து இதை உண்டாக்குகிறது என்பது 1934-இல் இங்கிலாந்தில் நிரூபணமாயிற்று. காய்க்குக் கனியச்சொல்லும் அதே கட்டளை பூவுக்கு உதிரச்சொல்லும் கட்டளையாகிறது. அதிலும் ஆசியாட்டிக் வகை இதைத் தாங்காது. வெள்ளியின் அயனி இந்தக் கட்டளையைச் செடியின் காதில் விழாமல் தடுக்கிறதென்று 1976-இல் கண்டபின், வெள்ளி தயோசல்பேட் என்னும் உப்புநீரில் தண்டுகளைச் சிலமணி நேரம் நிறுத்தியெடுக்கும் வழக்கம் வந்தது. இதைக் கேட்டுவிட்டு என் வீட்டில் ஒரு வெள்ளிக்காசை ஜாடிக்குள் போட்டுவிட்டார்கள். உலோகம் அப்படியெல்லாம் நீரில் கரைந்து பூவுக்குள் ஏறாது என்று சொன்னாலும், காசை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

குளிரறையில் வெகுநாள் கிடந்த தண்டுகளில் பூவுக்கு முன்பே இலை பழுத்து மஞ்சளாகும் ஒரு குறை உண்டு. அதற்குக் கொடுக்கும் மருந்து ஜிப்பரெல்லின். 1926-இல் குரோசாவா என்னும் ஜப்பானியர், நெல் நாற்றை அளவுமீறி உயரவைத்துச் சாய்க்கும் 'பகானே' நோயை ஆராய்ந்து, அதற்குக் காரணமான பூசணம் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே நாற்றை அப்படி நீட்டுகிறதென்று காட்டினார். பின்னர் பிரித்தெடுக்கப்பட்ட அந்தப் பொருளே இது. வயலில் பயிரைக் கெடுத்தது பூக்கடையில் இலைக்குப் பசுமை கொடுக்கிறது.

மகரந்தத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பூ விரிந்த முதல் சில மணிகளில், ஆறு மகரந்தப்பைகளும் தராசுத்தட்டைப்போல நடுவில் தொங்கி ஆடிக்கொண்டு, இன்னும் வெடிக்காமல், ஈரமாக இருக்கும். அப்போதே விரலால் மெல்லக் கழற்றிவிட்டால் மேஜைவிரிப்பும் வேட்டியும் தப்பும். வெடித்துக் கறைபட்டுவிட்டால் தண்ணீர் தொட்டுத் துடைக்கவேகூடாது. எண்ணெய்ப்பசை உள்ள பொடியாதலால் அது துணிக்குள் இறங்கி நிரந்தரமாகிவிடும். ஒட்டுத்தாளை மேலே வைத்து எடுத்துவிடவேண்டும். நான் இரண்டு பூக்களில் கழற்றிப் பார்த்துவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டேன்; கழற்றிய பூ, மூக்குத்தி கழற்றிய முகம்போல எனக்குப் பட்டது. வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கு மாத்திரம் இந்த ரசனையெல்லாம் ஆகாது. இந்தக் குலத்தின் இலையோ இதழோ பொடியோ, ஜாடித் தண்ணீரோ, எது வயிற்றுக்குள் போனாலும் பூனையின் சிறுநீரகம் பழுதாகி உயிர்போகக்கூடும். அந்த வீடுகளுக்குள் லில்லியம் நுழையாமலிருப்பதே உத்தமம்.

ஆறு தண்டுகளும் ஒன்பது நாள் நின்றன. கீழ்ப்பூ இதழ் கண்ணாடிபோலாகிச் சுருங்கும்போது அடுத்த பூ விரியும். அது தளரும்போது அதற்கடுத்தது. ஒவ்வொரு பூவையும் வாடியதும் கிள்ளி எறிந்துகொண்டே வந்தேன். பத்தாம் நாள் ஒரு தண்டின் உச்சியில் ஐந்தாவது மொட்டு மட்டும் எஞ்சியிருந்தது. கட்டைவிரல் நகமளவே பருத்த, இன்னமும் பச்சை மாறாத மொட்டு. அன்பர் தொலைபேசியில் அழைத்து, "மேல்மொட்டு விரிந்ததா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தண்ணீரில் சர்க்கரை போட்டீர்களா? லிட்டருக்கு ஒரு ஸ்பூன், அதோடு கொஞ்சம் எலுமிச்சஞ்சாறு?" கிருமி பெருகிவிடுமென்று பயந்து போடவில்லை என்றேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "இனிப் போட்டும் பிரயோஜனமில்லை, அதற்குக் கையிருப்புத் தீர்ந்துவிட்டது. எடுத்துப் போட்டுவிடுங்கள்" என்றார். சரியென்று சொல்லிவிட்டு, தண்டின் அடியை இன்னொருமுறை அறுத்து, ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து ஊற்றி, ஜாடியை ஜன்னலோரமாக நகர்த்தி வைத்தேன்.